வாடுவது முதலில், கிடப்பது கடைசியில்

2020 மே முதல் வாரத்தில் எங்கள் தெருவின் இரண்டு முனைகளையும் தகரம் வைத்து அடைத்தார்கள். மூன்று வீடு தள்ளி இருவருக்குக் கொரோனா தொற்று உறுதியாகியிருந்தது. சவுக்குக் கம்பு நட்டு, தகரத்தைக் கட்டி, 14 நாட்களுக்கு யாரும் வெளியே வர வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார்கள். அதே வாரம், மே 5 அன்று, கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டது. கொத்தவால்சாவடியில் நடந்துகொண்டிருந்த காய்கறி மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு வந்தது முதல், சென்னையின் அடுப்புகள் அந்த 295 ஏக்கர் வளாகத்தை நம்பியே எரிகின்றன. நாசிக் வெங்காயமும் கோலார் தக்காளியும் ஊட்டி கேரட்டும் அங்கே இறங்கி, பிரிந்து, எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டிக்கு வரும். தள்ளுவண்டி நின்றுவிட்டது. திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கிய பிறகும் எங்கள் பக்கம் காய் ஒழுங்காக வந்து சேரப் பல நாட்கள் ஆயின.

வீட்டில் ஐந்து பேர்: நான், கணவர், அத்தை, ஒன்பதாவது படித்த மகள், நான்காவது படித்த மகன். எங்களுக்கு மளிகை தருபவர் அடுத்த தெரு அண்ணாச்சி. கடையில் வழக்கமாக நான்கு பையன்கள் இருப்பார்கள். மூன்று பேர் மார்ச் மாதமே திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய்விட்டார்கள். குறித்த நேரத்துக்குள் கடையை மூடியாக வேண்டும் என்ற உத்தரவு வேறு. "அக்கா, வீட்டுக்கு 15 நாளுக்கு ஒரு பட்டியல். நடுவில் உப்பு வேண்டும், கடுகு வேண்டும் என்று கூப்பிடாதீர்கள். நான் ஒரே ஆள்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். காயையும் தன்னால் கிடைத்ததைச் சேர்த்து அனுப்புவதாகச் சொன்னார். எது கிடைக்கும் என்று மட்டும் கேட்கக் கூடாது.

இப்படி வாங்கிச் சமைப்பது எனக்குப் புதிது. மார்ச் 24 மாலை ஆறு மணிக்கு 144 தடை உத்தரவு தொடங்குகிறது என்று தெரிந்ததும், அன்று மதியம் கூட்டத்தில் நின்று கையில் அகப்பட்டதையெல்லாம் வாங்கி வந்திருந்தேன். ஐந்து கட்டுக் கொத்தமல்லி, மூன்று கட்டு அரைக்கீரை, இரண்டு கிலோ பீன்ஸ், இரண்டு கிலோ வெண்டைக்காய், நான்கு கிலோ நன்கு பழுத்த தக்காளி. நிறைய வாங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் முதல் இரண்டு நாட்கள் உருளைக்கிழங்கு வறுவலும் சாம்பாரும் வைத்தேன். ஆறாம் நாள் கொத்தமல்லி கறுத்து நீர் விட்டிருந்தது. வெண்டைக்காய் முற்றி, ஒடித்தால் ஒடியாமல் வளைந்தது. பெட்டியின் அடியில் தக்காளி நசுங்கி மேலே இருந்ததையும் கெடுத்திருந்தது. வெளியே காய் கிடைக்காமல் ஊரே திண்டாடும் நேரத்தில் ஒரு பை நிறையக் காயைக் குப்பையில் கொட்டினேன். அன்று கீழே போய்வந்தது இன்னும் மனதில் இருக்கிறது.

தெருவை அடைத்த அன்று இரவு பொள்ளாச்சியில் இருக்கும் அம்மாவை அழைத்தேன். பயத்தைச் சொல்லத்தான் அழைத்தேன். பேச்சு காய்க்குப் போய்விட்டது. என்ன வாங்கினாய், எப்படி வைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். "நீ பண்டத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறாய் கண்ணு, நாளைப் பார்த்து வாங்கவில்லை. வாடுவதை முதலில் சமை, கிடப்பதைக் கடைசியில் சமை. உருளைக்கிழங்கை முதல் நாளே எடுத்தால் எட்டாம் நாள் எதை எடுப்பாய்?" என்றார்.

அம்மாவுக்கு இது கைவந்த வேலை. வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா எழுத்தராக இருந்தார். ஆழியாறு அடிவாரத்திலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. அங்கிருந்து எங்கள் குடியிருப்புக்கு இன்னும் போக வேண்டும். மாதம் இருமுறை தோட்டத்து வண்டி பொள்ளாச்சிக்கு இறங்கும். அதில் போகிறவரிடம் பட்டியலும் பணமும் கொடுத்தால் சாமான் வரும். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அதுவும் நிச்சயமில்லை. மரம் விழும், மண் சரியும், சாலை அடைபடும். இருமுறை வர வேண்டிய வண்டி ஒருமுறை வரும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சோறு இல்லாமல் ஒரு வேளையும் கழிந்ததில்லை. எப்படி என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

வீட்டின் விறகடுப்புக்கு மேலே ஒரு பரண் உண்டு. மழைக்காலத்தில் அந்த மலையில் உப்பு தானாகக் கரையும், அப்பளம் துணிபோலத் துவண்டுவிடும், பருப்பில் பூஞ்சை பிடிக்கும். அதனால் புளி, உப்பு, மிளகாய், கருவாடு எல்லாம் அந்தப் பரணில் புகை பட்டபடி இருக்கும். வேலியில் சௌசௌ கொடி. நெத்திலிக் கருவாடும் தட்டைப்பயறும் கொள்ளும் தீரவே தீராத பொருட்கள் என்று சிறுவயதில் நம்பியிருந்தேன். அம்மா அவற்றை எண்ணி வைத்திருந்தார் என்பதை இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

அடைத்த தெருவுக்கு அண்ணாச்சியின் முதல் மூட்டை வந்த அன்று, அம்மா சொன்னபடி கூடத்தில் செய்தித்தாளை விரித்து காயை மூன்று குவியலாகப் பிரித்தேன். முளைக்கீரை, புதினா, கொத்தமல்லி, வெண்டைக்காய், கால் கிலோ பீன்ஸ் ஒரு பக்கம். இவை நான்கு நாளுக்குள் முடிய வேண்டும். கத்தரிக்காய், அவரை, புடலை, முருங்கைக்காய் நடுவில். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், சேப்பங்கிழங்கு, மண் ஒட்டிய சேனை, ஒரு முழுப் பரங்கிக்காய் சுவரோரம். கருணைக்கிழங்கும் கொஞ்சம் வந்திருந்தது. அத்தை அதைப் பார்த்ததும் "இதைக் கட்டிலுக்கடியில் போட்டுவிடு, பழையதாக ஆக அரிப்பு குறையும். இதற்குக் கடைசி நாள்தான் நல்ல நாள்" என்றார். காத்திருந்தால் ருசி கூடும் காய் ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

தக்காளி மட்டும் எந்தக் குவியலிலும் சேரவில்லை. ஒரே பையில் பச்சையும் பழுப்பும் சிவப்புமாக வந்திருந்தது. சிவந்ததையெல்லாம் அன்றிரவே நறுக்கி, நல்லெண்ணெயில் உப்பும் மஞ்சள்தூளும் போட்டு, எண்ணெய் பிரியும்வரை சுருளக் கிளறி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தேன். ரசத்துக்கு ஒரு கரண்டி, குழம்புக்கு ஒரு கரண்டி என்று பதினோரு நாட்கள் அது வந்தது. பச்சைத் தக்காளியைக் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒன்றையொன்று தொடாமல் தட்டில் பரப்பினேன். தினமும் காலையில் பார்த்து, பழுத்ததை அன்றைக்கே எடுத்துக்கொண்டேன்.

சாமான் வந்த நாளின் மாலை முழுவதும் வேலைதான். இதைச் சமையலாக யாரும் கணக்கிடுவதில்லை. என்னைக் கேட்டால் 15 நாள் சமையலில் பாதி அந்த மாலையில் முடிகிறது. கொத்தமல்லியின் வேரைக் கிள்ளி, கழுவாமல், ஈரம் உலர்ந்தபின் காகிதத்தில் சுற்றி டப்பாவில் வைப்பது. பச்சை மிளகாயின் காம்பை எடுப்பது. கறிவேப்பிலையை உருவி, துணியில் பரப்பி, கொஞ்சமும் ஈரமில்லாமல் மூடி வைப்பது. அதையும் மீறிக் காய்ந்தால் கவலையில்லை, உளுந்தும் மிளகாயும் சேர்த்து வறுத்துப் பொடியாக்கிவிடலாம். இஞ்சியைத் தொட்டி மண்ணில் புதைப்பது. வாழைக்காயை வாளித் தண்ணீரில் அமிழ்த்துவது. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாமல் பிரிப்பது. பரங்கிக்காயை அறுத்த அன்றே விதையையும் நாரையும் வழித்து எடுப்பது, ஏனென்றால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். தேங்காயைக் குடுமியோடு விட்டுவைப்பது. உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் துருவுவது. இவற்றில் எதுவும் நான் கண்டுபிடித்ததில்லை. அத்தையும் அம்மாவும் ஆளுக்குப் பாதி சொன்னார்கள். அத்தை கும்பகோணத்துக்காரர், அம்மா கொங்குப் பக்கம். இருவருக்கும் பல விஷயங்களில் ஒத்துப்போகாது. கறிவேப்பிலை விஷயத்தில் ஒத்துப்போயிற்று.

முதல் நான்கு நாட்கள் எளிது. கீரைக் கடைசல், வெண்டைக்காய்ப் பொரியல், புதினாத் துவையல் என்று வீடு பச்சையாக இருந்தது. நடுநாட்களும் பெரிய சிரமமில்லை. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட சாம்பார், கோஸ் கூட்டு, பீட்ரூட் பொரியல். முட்டைக்கோஸை வெட்டாமல், வேண்டிய அளவுக்கு வெளி இதழ்களை உரித்து உரித்து எடுத்தால் ஒரு பூ மூன்று முறைக்கு வரும். ஆவின் பால் மட்டும் தினமும் தடுப்பு வரைக்கும் வந்தது. அதனால் மோருக்குப் பஞ்சமில்லை. இட்லி மாவுதான் பிரச்சினை. கேட்ட உளுந்தில் பாதிதான் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் இட்லி என்பதைக் கைவிட்டு, கோதுமை தோசை, கேழ்வரகு அடை, அரிசி உப்புமா, கைப்பிடிக் கொழுக்கட்டை என்று மாற்றினோம். மகன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். தேங்காய்ப்பல் போட்ட காரக் கொழுக்கட்டை அவனைச் சமாதானப்படுத்தியது.

பத்தாம் நாளுக்கு மேல்தான் நான் பயந்தேன். காய்க் கூடையில் சேனையும் கருணையும் கொஞ்சம் சின்ன வெங்காயமும்தான் மிச்சம். காய் இல்லாமல் ஒரு வீட்டுக்கு ஐந்து நாள் என்ன சமைப்பது? இந்தக் கேள்வியை அத்தையிடம் கேட்டபோது, அவர் உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "காய் இல்லையென்றால் சமையல் இல்லையா? என்ன பேச்சு இது" என்று சொல்லி, தன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பித்தளைச் சம்படத்தை இழுத்தார். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், கொத்தவரங்காய் வற்றல், மோர் மிளகாய், அந்தச் சித்திரையில் மாடியில் உதிர்ந்து கிடந்ததைப் பெருக்கி எடுத்துக் காயவைத்த வேப்பம்பூ.

அந்த ஐந்து நாட்களில் எங்கள் வீட்டில் நடந்த சமையலைப் போல அதற்கு முன் நான் சாப்பிட்டதில்லை. முதல் நாள் சுண்டைக்காய் வற்றல் குழம்பும் பருப்புத் துவையலும். மறுநாள் பருப்பு உருண்டைக் குழம்பு. துவரம்பருப்பை ஊறவைத்து மிளகாயோடு கரகரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து, கொதிக்கும் புளிக்குழம்பில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும்; உருண்டை உடைந்துவிடுமோ என்று அத்தை அடுப்பை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் வேப்பம்பூ ரசமும் சேனை வறுவலும். நான்காம் நாள் நான் என் பிறந்த வீட்டுக் கணக்கைத் திறந்தேன். கொள்ளை ஊறவைத்து வேகவைத்து, தண்ணீரை வடித்து அதில் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம். வெந்த கொள்ளை வதக்கிய சின்ன வெங்காயமும் மல்லியும் சேர்த்து அரைத்துச் சோற்றுக்குப் பிசையும் கொள்ளுப் பருப்பு. ஒரு பாத்திரம், ஒரு வேகல், இரண்டு பண்டம். இரவுக்கு அரிசியும்பருப்பும்: அரிசியோடு நாலில் ஒரு பங்கு துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், குக்கரில் மூன்று விசில், மேலே ஒரு கரண்டி நெய். வால்பாறையில் மழை அடித்துக்கொண்டிருக்கும்போது அம்மா அதைத்தான் வைப்பார். ஐந்தாம் நாள் கருணைக்கிழங்கு மசியல். அத்தை சொன்னபடியே நாக்கு அரிக்கவில்லை.

நம் சமையலில் காய் இல்லாத நாளுக்கென்றே ஒரு முழுப் பகுதி இருக்கிறது. கோடையில் காயவைத்து, மழையில் எடுத்து, சந்தை இல்லாத வாரத்தை நகர்த்திய மக்கள் உண்டாக்கியது அது. தெருமுனையில் தினமும் காய் கிடைக்கத் தொடங்கிய பிறகு அதை ஆசைக்கு எப்போதாவது செய்யும் பண்டமாக மாற்றிவிட்டோம். வற்றல் குழம்பைப் பழைய காலத்து ருசி என்று புகழ்கிறவர்கள், அது ஒரு திட்டத்தின் கடைசி வாரம் என்பதை நினைப்பதில்லை. எனக்கு அதை அந்தத் திட்டத்தின் பகுதியாகத்தான் இப்போது பார்க்கத் தோன்றுகிறது.

பட்டியல் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் இரண்டு முறை வழக்கம்போல எழுதினேன். இல்லாத பொருட்களை அண்ணாச்சி அடித்துவிட்டு மீதியை அனுப்பினார். துவரம்பருப்பு இல்லை என்றால் அந்த வரி அப்படியே காலி. மூன்றாம் முறை ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே "இல்லாவிட்டால்" என்று ஒரு பத்தி போட்டேன். துவரம்பருப்பு இல்லாவிட்டால் பாசிப்பருப்பு, அதுவும் இல்லாவிட்டால் மைசூர் பருப்பு. ரவை இல்லாவிட்டால் கோதுமை ரவை. கடலை எண்ணெய் இல்லாவிட்டால் எதுவானாலும் சரி. பெருங்காயம் இல்லாவிட்டால் பூண்டு கால் கிலோ கூடுதலாக. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இப்படி எழுதினால் எனக்குப் பாதி நேரம் மிச்சம் அக்கா" என்றார். அந்தத் தடவை பட்டியலில் ஒரு வரிகூடக் காலியாக வரவில்லை.

இன்னொன்று, வீட்டில் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது. 12 ஆண்டுகளாகச் சமைத்தும் எனக்கு அது தெரியாது. மாதம் இரண்டு கிலோ துவரம்பருப்பு என்று பழக்கத்தில் எழுதிவந்தேன். டப்பாவில் பென்சிலால் கோடு போட்டு இரண்டு வாரம் கவனித்தேன். எல்லாரும் வீட்டிலேயே மூன்று வேளையும் சாப்பிடும்போது ஒருநாளைக்கு 100 கிராமுக்குக் குறையாமல் போகிறது; 15 நாளுக்கே ஒன்றரைக் கிலோ வேண்டும். அரிசி ஒருநாளைக்கு முக்கால் கிலோ. புளி நாங்கள் நினைத்ததைவிட மிகக் குறைவு. வெல்லம் நினைத்ததைவிட இரண்டு மடங்கு, பிஸ்கட் கிடைக்காததால் குழந்தைகள் பொட்டுக்கடலையும் வெல்லமும் தின்றார்கள். அளவு தெரிந்தபின் பயம் பாதியாகக் குறைந்தது. மகள் ஒரு நோட்டில் 15 நாளுக்கும் கட்டம் போட்டு, எந்த நாள் எது என்று எழுதினாள். ஒவ்வொரு கட்டத்திலும் முட்டை நாள் என்றால் அத்தைக்கு என்ன என்று தனியாக எழுத வேண்டும், அவர் முட்டை சாப்பிட மாட்டார். அட்டை முட்டை 30 வாங்கினால் நான்கு பேருக்கு ஏழு நாள் வரும், இரண்டு மிஞ்சும். இப்படித்தான் எண்ணினோம்.

அந்த எண்ணிக்கையில்தான் நான் ஒன்றைக் கண்டேன்.

அந்தப் பட்டியலின் பதினோராம் நாள் முட்டைக் குழம்பு. நான்கு முட்டை போட வேண்டியது. அட்டையில் மூன்று உடைந்து வந்திருந்ததால் மூன்றுதான் போட்டேன். குழந்தைகளுக்கும் கணவருக்கும் ஒவ்வொன்று. நான் மோர்ச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டேன். இரவு அம்மாவிடம் பேசும்போது, "எப்படியோ சமாளித்துவிட்டேன் அம்மா, எனக்குத்தான் மோர்ச்சோறு போதுமே" என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அம்மா உடனே பேசவில்லை. பிறகு, "நானும் அப்படித்தான் கண்ணு சமாளித்தேன்" என்றார்.

வால்பாறையில் வண்டி வராத வாரங்களில் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஞாபகம் எனக்கு இல்லை. அடுப்பருகில் முக்காலியில் உட்கார்ந்து, பழைய சோற்றில் மோர் விட்டு, ஒரு பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டிருப்பார். "எனக்குப் பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள்." கருவாட்டுக் குழம்பில் கருவாடு எங்கள் தட்டுக்கு வரும், அம்மாவின் தட்டில் குழம்பு மட்டும் இருக்கும். நாற்பது வயதில் மயங்கி விழுந்தபோது தோட்டத்து மருத்துவர் ரத்தம் மிகக் குறைவாக இருக்கிறது என்றார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதற்கும் பொள்ளாச்சிக்கு ஆள் போக வேண்டியிருந்தது.

அம்மாவின் திட்டத்தில் எப்போதும் எதுவும் தீர்ந்துபோகாமல் இருந்ததற்கு, பரணும் கொள்ளும் சௌசௌ கொடியும் மட்டும் காரணமில்லை. வண்டி இரண்டு நாள் தாமதமானால் அந்த இரண்டு நாளையும் அம்மாவின் வயிறு தாங்கியது. கணக்கில் துண்டு விழுந்த இடத்தையெல்லாம் தன் பங்கால் அடைத்திருக்கிறார். அதற்கு ஊரில் சாமர்த்தியம் என்று பெயர். "அவள் கைக்கு எதுவும் குறையாது" என்பார்கள். குறைந்தது, அது அவர் தட்டில் குறைந்தது. நானும் 30 ஆண்டுகள் கழித்து, குளிர்பதனப் பெட்டி ஓடும் சென்னை வீட்டில், கேட்பாரில்லாமல் அதே இடத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைச் சாப்பிடாதே என்று சொல்லவில்லை. எண்ணும்போது என்னை விட்டுவிட்டு எண்ணியது நான்தான்.

மறுநாள் காலையில் மகளின் நோட்டை வாங்கி ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து பெயரையும் எழுதினேன். முட்டை குறைந்தால் குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி நான்கு பங்காகப் பிரிப்பது, அத்தைக்கு அன்று பயறு. எதைக் குறைத்தாலும் எல்லாருக்கும் குறையட்டும். கணவர் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்று மதியம் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் பரிமாறினார். அத்தைக்கு அது முதலில் பிடிக்கவில்லை. கடைசியில் சாப்பிடுவது அவருக்கு அறுபது ஆண்டுப் பழக்கம். இரண்டு நாள் கழித்து அவரும் எங்களோடு உட்கார்ந்தார்.

2021 மே 24-இல் தளர்வில்லா முழு ஊரடங்கு வந்தபோது நாங்கள் தடுமாறவில்லை. அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் கடைகளைத் திறக்க அனுமதித்தார்கள். கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை என்று கேள்விப்பட்டோம். நாங்கள் போகவில்லை. அந்த வாரம் மளிகைக் கடைகளும் மூடியிருந்தன. காய்கறியை மாநகராட்சியும் தோட்டக்கலைத் துறையும் வண்டிகளில் தெருத் தெருவாக அனுப்பின. எங்கள் தெருவுக்கு வண்டி வந்த நாளில் வெண்டைக்காய்க்கும் தக்காளிக்கும் பெரிய வரிசை. பரங்கிக்காயும் சேப்பங்கிழங்கும் வண்டியின் மூலையில் கேட்பாரற்றுக் கிடந்தன. நான் அவற்றை வாங்கினேன். பக்கத்து வீட்டு இளம்பெண் ஏன் என்று கேட்டாள். திண்ணையில் நின்று, முகக்கவசத்தோடு, கால் மணி நேரம் அவளுக்குச் சொன்னேன்.

ஜூன் மாதம் அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷன் கடையில் 14 பொருட்கள் கொண்ட பை கொடுத்தார்கள். கோதுமை மாவு, ரவை, உப்பு, சர்க்கரை, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, புளி, கடுகு, சீரகம், மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், டீத்தூள், இரண்டு சோப்பு. பையைக் கூடத்தில் பிரித்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மாவும் ரவையும் வயிற்றை நிரப்பும். ஆனால் புளியும் கடுகும் சீரகமும் இருந்ததால்தான் அது சமையலாகிறது. ஒரு ரசம் வைக்கத் தேவையானது அதில் இருந்தது. அந்தப் பட்டியலை எழுதியவர் யாரோ, அடுப்படி தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாருக்கும் இந்தத் திட்டம் சாத்தியமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 15 நாள் சாமானை மொத்தமாக வாங்கக் கையில் ஒரே நேரத்தில் பணம் வேண்டும், வைக்க இடம் வேண்டும். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா அன்றாடம் வாங்கி அன்றாடம் சமைப்பவர். 50 ரூபாய்க்கு எண்ணெய், பத்து ரூபாய்க்குப் பருப்பு. அவருக்குத் திட்டமிடத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவர் என்னைவிட நுணுக்கமாக எண்ணுகிறார். அவருக்கு முன்பணம் இல்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு ஆண்டுகளிலும் அவர் சம்பளத்தை மாதத் தொடக்கத்திலேயே முழுதாகக் கொடுத்துவிட்டோம். இப்போதும் அப்படித்தான்.

இன்று எந்தத் தடையும் இல்லை. பத்து நிமிடத்தில் கொத்தமல்லியைக் கொண்டுவந்து தருகிறார்கள். இருந்தாலும் 15 நாளுக்கு ஒரு பட்டியல் என்ற வழக்கத்தை விடவில்லை. அண்ணாச்சி கடைக்குப் பையன்கள் திரும்பிவிட்டார்கள். "இல்லாவிட்டால்" பத்தியை மட்டும் நான் இன்னமும் எழுதுகிறேன், அவரும் இன்னமும் அதைப் பார்க்கிறார். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால் கட்டங்களில் இப்போது நான்கு பெயர்கள். பொள்ளாச்சிக்குத் தினமும் மதியம் இரண்டு மணிக்கு அழைக்கிறேன். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிடுகிறேன். சாப்பிட்டேன் என்பார். என்ன சாப்பிட்டீர்கள், குழம்பில் என்ன காய், எத்தனை துண்டு என்று கேட்பேன். நேற்று அவரைக்காய்ப் பொரியலும் கொள்ளு ரசமும் என்றார். பொரியல் மிச்சமிருக்கிறதா என்று கேட்டேன். "இல்லை கண்ணு, இருந்ததை நானே போட்டுக்கொண்டேன்" என்றார்.

இன்று எங்களுக்குப் பன்னிரண்டாம் நாள். கட்டிலுக்கடியில் கருணைக்கிழங்கு இருக்கிறது. நாளை மறுநாள் எடுக்கலாம் என்கிறார் அத்தை.